எச்சில் பட்டதும்

நான்கு வாளிகள். மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி
நோல்ஃபா எழுதியிருந்தாள்:
மேட்டுச்சரிவு. கிணற்றடி. சாலையோரம்.
நான்காவதில் வெறும் கேள்விக்குறி.

இட்டாட்டா ஆற்றின் இந்தக் கரைக்குத்
தீ வரவில்லை.
எதிர்மலையில் காகித ஆலைக்காரர்கள் நட்ட பைன்காடு
ஒன்பது நாள் எரிந்தது, அவ்வளவுதான்.
கொடியில் ஓர் இலைகூடக் கருகவில்லை.
கறுத்துத் திரண்டு, மேலே வெண்மாவு பூத்து,
குறைசொல்ல ஒன்றுமில்லாமல்
தொங்கின குலைகள்.

நான் சில்லானிலிருந்து போனவன்.
ஒயின் ஆலைக்காக ருசிபார்த்துத் துப்புவது என் பிழைப்பு.
'சரி', 'வேண்டாம்',
இரண்டு சொல்லுக்குச் சம்பளம்.

முதல் வாய். செர்ரி, கொஞ்சம் ஈரமண்.
துப்பிவிட்டு எண்ணத் தொடங்கினேன்.
ஏழு, எட்டு, ஒன்பது,
பதினொன்றில் வந்தது:
சிகரெட்டை அணைத்த தண்ணீரைக் குடித்ததுபோல்.

அப்படித்தான் அது.
பழத்தின் தோல் புகையை வாங்கி
சர்க்கரையோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளும்.
கண்ணுக்குத் தெரியாது, மூக்குக்கும் பிடிபடாது.
எச்சில் பட்டதும் அவிழும்.

அவளும் ஒரு மடக்கு குடித்துக் காத்திருந்தாள்.
"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."
அவள் கணவன் எவரார்தோவும் குடித்தான்.
உதட்டைப் பிதுக்கினான்.
சில நாக்குகளுக்குத் தெரியாது என்றேன். உண்மைதான்.
"அப்படியானால் அந்த நாக்குகளுக்கு விற்கட்டுமே
உங்கள் கம்பெனி."
அவள் சிரிக்கவில்லை.

அலமாரிக் கதவின் உட்புறம்
பென்சிலில் அறுவடைத் தேதிகள்.
ஏப்ரல் இருபது. ஏப்ரல் பன்னிரண்டு.
ஒரு வருடம் அடித்துத் திருத்தி மார்ச் முப்பது.
பிறகு மார்ச் எட்டு.
பிள்ளைகளின் உயரம் குறித்தால் கோடு மேலே ஏறும்;
இது நாட்காட்டியில் பின்னால் பின்னால் நடந்து
கோடைக்குள் போய்க்கொண்டிருக்கிறது,
நெருப்பு இருக்கும் பக்கமாக.

கிணற்றடி, பதின்மூன்று.
சாலையோரம் ஆறிலேயே வந்துவிட்டது.

"இது எந்த வயல்?"
கேள்விக்குறியைத் தொட்டேன்.
"வயல் இல்லை. புகை வருவதற்கு முந்தின நாள்
ஒரு கூடை பறித்தேன், செங்காயாக.
கல்லுப் புளிப்பு. விற்பதற்கல்ல.
உங்கள் நாக்கு பொய் சொல்கிறதா என்று பார்க்க."

மூன்று முறை வாய் கொப்பளித்தேன்.
பல் கூசியது. கண்ணில் நீர்.
எண்ணினேன், அவளும் உதட்டசைத்து எண்ணினாள்.
பதினொன்று. பதினைந்து. இருபது.
முப்பதிலும் வரவில்லை.
வெறும் புளிப்பு.

படிவத்தில் மூன்று முறை 'வேண்டாம்' எழுதினேன்.
நான்காவதுக்குக் கட்டமில்லை.
எவரார்தோ வாளியைச் சாய்த்து
இன்னொரு கோப்பை ஊற்றினான்.
அதை நான் துப்பவில்லை.