மறுபக்கம்

வீட்டுக்குப் பக்கவாட்டில் பதினாறு கல்.
போன ஐப்பசியில் பாசி வழுக்கி நான் விழுந்தது
சமையலறைக் கதவிலிருந்து நாலாவதில்.

ஐந்து ரோட்டுக் கடையில் பேவர் பிளாக் பார்த்தாயிற்று.
சாம்பல், சிவப்பு, நாய் எலும்பு வடிவம்.
சதுர அடிக்கு விலை சொன்னவர்
ஏற்காடு என்றதும்
கொண்டை ஊசிகளை மனதுக்குள் எண்ணி
வண்டி வாடகையைத் தனியாகச் சொன்னார்.
சாம்பிளுக்குப் பத்து வாங்கி வந்தேன்.

லூர்துசாமி கடப்பாரையால் நெம்பினார்.
முதல் கல் புரண்டது.
அடியில் மண்புழு, துருப்பிடித்த சோடா மூடி,
யாரும் மிதிக்காத ஒரு முகம்,
உளிப்புள்ளிகள் இன்னும் கூராக.
"இதையே திருப்பிப் போட்டாப் போதுங்க."

பதினைந்தும் அப்படித்தான் திரும்பின.
நாலாவது மட்டும்
அடியிலும் வழவழவென்று தேய்ந்திருந்தது.

எனக்கு முன்னால் யாரோ விழுந்திருக்கிறார்கள்.
அவர்களுக்கும் ஒரு கடப்பாரை, இதே யோசனை.
பெயர் ஒருவேளை பழைய பத்திரத்தில் இருக்கும்.
அடிபட்டது இடுப்பிலா முழங்காலிலா
என்று அதில் இருக்காது.

அந்தக் கல் இப்போது குழாயடியில், துணி துவைக்க.
அது கிடந்த இடத்தில் பத்து சாம்பிள், செக்கச்செவேலென்று,
மூடுபனியிலும் தெரிகிறது.
வருகிறவர்கள் ஏன் என்று கேட்டுக்கொண்டே
அதன்மேல் நிற்கிறார்கள்.

என் கால் இன்னும் தாண்டித்தான் போகிறது.