இருப்பு

காலை ஆறே முக்கால். வெருலம்.
எரித்த கரும்புத் தோட்டத்தின் சாம்பல்
ஜன்னல் வலையில் கருப்பு நூலாய் ஒட்டியிருக்கிறது.
மின்சாரம் இன்னும் வரவில்லை.
பகல் வேலைக்கு வந்த நொம்ஃபுண்டோ டார்ச் பிடிக்கிறாள்,
நான் எண்ணுகிறேன்.

இரவு முழுக்க இடுப்பில் குத்திய சாவி.
இரண்டு கதவு, இரண்டு பூட்டு.
மார்பின், பத்து மில்லிகிராம் குப்பிகள்.
எண்ணும்போது மட்டும் எனக்குத் தமிழ் வரும்.
அவளுக்கும் பழகிவிட்டது,
எட்டு என்று நான் நிறுத்தினால்
ஒன்பது என்கிறாள் அவளே.

பதினொன்று.
பதிவேட்டில் பன்னிரண்டு.

மறுபடி. பதினொன்று.
ஒட்டுப்பட்டைப் பெட்டிக்குப் பின்னால், இழுப்பறை மூலையில்,
எங்கும் இல்லை.
ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் இருக்க
நாங்கள் பட்ட பாடு.
போன வருடம் மூன்று மாத்திரைக்குப்
பிரெமிளாவின் வேலை போனது.
மாத்திரைகள் மெத்தைக்கடியில் கிடைத்தன, பிறகு.
வேலை கிடைக்கவில்லை.

ஏழாம் அறை.
வாய் திறந்து சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது.
மூன்று பத்துக்கு ஒரு குப்பி உடைத்தேன்.
பாதி போட்டேன், சீட்டில் எழுதியிருந்தது பாதிதான்.
மீதியைக் கொட்ட ஒரு சாட்சி வேண்டும்,
சாட்சியைக் கூப்பிட எழுந்தேன்.
பஸ் ஓட்டிய மனிதர் சின்னப்பன்,
கியர் மாற்றுவதுபோல் என் இரண்டு விரலைப் பிடித்து
முன்னும் பின்னும் தள்ளினார்.
நான் உட்கார்ந்துவிட்டேன்.
மூன்று நாற்பதுக்கு வண்டி நின்றது.

துண்டுக்கடியில் தட்டு, தட்டில் சிரிஞ்சு,
சிரிஞ்சில் அரை மில்லி,
பக்கத்தில் கழுத்து ஒடிந்த குப்பி.

நொம்ஃபுண்டோ வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்க்கிறாள்.
"கொட்டுவதைப் பார்த்தேன் என்று போடுகிறேன்.
ஊசி போட்டதைப் பார்த்தேன் என்று போடமாட்டேன்."
எனக்கு வலிக்கிறது. அவள் சொல்வது சரி.
தாமதமாக எழுதியது என்று எழுதி
நேரத்தையும் எழுதுகிறேன். ஆறு ஐம்பத்தெட்டு.
கொடுத்தது ஐந்து. கொட்டியது ஐந்து.
அரை மணி நேரம் உட்கார்ந்ததற்கு
அதில் கட்டம் கிடையாது.
இருப்பு என்ற கட்டத்தில் பதினொன்று.
அதன்மேல் ஒரு சாம்பல் இழை விழுகிறது.
துடைத்தால் அழித்தது போலிருக்கும்,
ஊதிவிடுகிறேன்.

சக்கரம் கிரீச்சிட கஞ்சி வண்டி வருகிறது.
சமையலறைக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.
அங்கே
ஒன்று கூடுதல்.