சனிக்கிழமை வரை

எரிவாயு ரசீதின் முதுகில்
மூன்றாம் முறையாகக் கூட்டுகிறேன்.
மாத வாடகை முப்பத்து நான்கு டாலர்,
பதினான்கு மாதம்.
அந்தக் காசுக்குச் சொந்தமாகவே
ஒன்று வாங்கியிருக்கலாம் என்று வருகிறது விடை.
வாங்கியிருந்தால் முதல் மாதமே
அவள் விட்டிருப்பாள் என்றும் வருகிறது,
ரசீதில் எழுத இடமில்லாத இன்னொரு கணக்கில்.

உழுகிறவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாதாம்.
ஊதுகிறவளின் அம்மா பார்த்தால்?

ஈரி ஏரியிலிருந்து பனி
பக்கவாட்டில் வீசிக்கொண்டிருக்கிறது.
கராஜில் ஆணியில் தொங்குகின்றன
டெஸ்ஸாவின் ஸ்கேட்டுகள்,
நான்கே முறை பனிக்கட்டியைத் தொட்டவை.
அவற்றுக்குக் கீழே ஓவியப் பலகை.
அதற்கும் கீழே, ஒன்றும் சொல்லாமல்,
என்னுடைய தையல் மிஷின்.

இணையத்தில் நீல நிறத்தில் ஒன்று கிடைக்கிறது,
புத்தம் புதிது, இருநூறு டாலர்,
வெள்ளைக் கையுறை இலவசம்.
"அதில் ஒரு கம்பி வளைந்தால்
நிமிர்த்த முடியாது, ஒடியும்" என்கிறார் கோவால்சிக்,
பழுதுபார்க்கும் மேசைக்குப் பின்னாலிருந்து,
கடைக்காரர் குரலில் அல்ல,
பல் டாக்டர் குரலில்.

பல் என்றதும் ஞாபகம் வந்தது,
ஏப்ரலில் அவளுக்குக் கம்பி கட்டுகிறார்கள்.
கம்பியோடு ஊதலாமா?
ஊதலாம். உதட்டின் உள்பக்கம்
கொஞ்ச நாள் புண்ணாகும். பிறகு காய்த்துவிடும்.

அவர் காட்டுவது பழையது.
நானூற்று ஐம்பது. மாணவர் ரகம், ஆல்ட்டோ.
பெருவிரல் படும் இடத்தில் மினுக்கு போய்விட்டது.
வாய் விரிந்த விளிம்பில் ஒரு நெளிவு,
பள்ளிப் பேருந்தின் படியில் விழுந்திருக்கலாம்.
பெட்டிக்குள், ஊதா வெல்வெட்டில்,
பேனாவால் எழுதிய பெயர்: கர்ட்டிஸ் எம்.
அடித்திருக்கிறது.
அதன் கீழே ஜோலீன்.
அடித்திருக்கிறது.
அதன் கீழே வெறும் வெல்வெட்.

கடை விளக்கை அணைத்தார்.
நூல் போன்ற ஒரு விளக்குச் சரத்தைக்
குழாய்க்குள் இறக்கினார்.
ஒரு மூடியை அழுத்தினார். இருட்டு.
அடுத்தது. இருட்டு.
அடியிலிருந்து மூன்றாவதில் மட்டும்
ஒரு முடியளவு மஞ்சள்.
"காற்று இங்கேதான் ஓடுகிறது.
கீழ் ஸ்வரமெல்லாம் திக்கும்.
பஞ்சு மாற்றினால் சரி, பதினெட்டு டாலர்."

என் சம்பளத்துக்குள் அந்தச் சரத்தை இறக்கினால்
கடை முழுக்க வெளிச்சமாகிவிடும்.

காலையில் காரில் கேட்டேன்:
அடுத்த வருடமும் வாசிப்பாயா?
ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்,
தெரியலை.
எனக்குக் கோபம் வரவில்லை.
பாதிரியார் என்னைக் கேட்டபோது
நான் சத்தமாக, சட்டென்று,
ஆம் என்றவள்.

ஆனால் வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுத்த
வியாழனுக்குப் பிறகு
எங்கள் வீட்டில் மாலை ஆறரை மணி இல்லை.
ஆறே கால் இருக்கிறது, ஆறே முக்கால் இருக்கிறது.
நடுவில்
வாத்துக்குத் தொண்டை கட்டியது போன்ற அந்தச் சத்தமும்
மாடி வீட்டு லென்ட்ஸ்
தரையைக் காலால் தட்டுவதும் போய்விட்டன.
நேற்று அவரே படிக்கட்டில் என்னை நிறுத்தினார்.
"பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?"

"சனிக்கிழமை வரை எடுத்து வைக்கிறேன்,
முன்பணம் வேண்டாம்" என்றார் கோவால்சிக்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
கதவு வரை போனேன்.
திரும்பி வந்து
கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த
சீவாளிப் பெட்டிகளில் ஒன்றை எடுத்தேன்.
பத்து நாணல் துண்டுகள், இரண்டரை எண்.
அவள் இதுவரை ஊதியது இரண்டு.
மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்,
எதில் மாட்டப் போகிறாய் என்று
கேட்கவில்லை.

கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டே
மறுபடி கூட்டினேன்.
முப்பத்து நான்கு, பதினான்கு மாதம்.
விடை மாறவில்லை.
இப்போது அதோடு
இருபத்தேழு.