நீண்ட அழுத்தம்

முதலில் ஒரு கோடு போட்டோம்.
இடது முனையில் குளம் கட்டியவர்கள்,
வலது முனையில் இன்று காலை,
நடுவில் விரலால் நகர்த்த ஒரு குமிழ்.
கிளிநொச்சி, கனகபுரத்தில் வாடகை அறை,
மேசை அகலத்தில் ஒரு தொடுதிரை,
மூன்று பேர்: நான், கோகுலவாணன், பெனடிற்றா.

கோடு பொய் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.
நுளம்பும் வாய்க்காலும் வரிசையில் நிற்காது.
இரணைமடுவில் தண்ணீர் தேங்க வயல் வந்தது,
வயலுக்கு ஆள் வந்தது, ஆளுக்குக் காய்ச்சல் வந்தது,
காய்ச்சலுக்கு மருந்தடிக்க வந்தவனின் தோளில்
தொங்கிய தகரக்கலம்
எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில்
கண்ணாடிக் கூட்டுக்குள் விழுந்த ஈயிலிருந்து தொடங்கியது.
கோட்டை அறுத்து வலையாக்கினோம்.

வலை இன்னும் மோசம்.
எல்லாம் எல்லாவற்றோடும் இணைந்தால்
எதுவும் எதையும் சொல்லாது.
பெனடிற்றா கேட்டாள்:
"இந்தக் கோடு காரணமோ, இல்லாட்டிப் பக்கத்தில நிண்டதோ?"
அன்று முழுக்க அதிலேயே போனது.
காரணத்துக்கு முழுக்கோடு,
பக்கத்தில் நின்றதற்குப் புள்ளிக்கோடு,
ஆரோ சொன்னதற்கு
தொட்டால் மட்டும் தெரிகிற மெல்லிய சாம்பல்.

பிறகு திகதி.
படிவத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம்: கட்டாயம்.
ஊரூராகத் தகவல் வாங்கப் போன கோகுலவாணன்
வெறும் கட்டங்களோடு வந்தான்.
"பாலைப்பழக் காலம்" என்கிறார்களாம்.
"மல்லாவியில இருக்கேக்க."
"ரெண்டாந்தரம் கூரை கழட்டினாப் பிறகு."
நட்சத்திரத்தை அழிக்க எனக்கு ஒரு கிழமை எடுத்தது.
கூர்ப்புள்ளி இருந்த இடத்தில்
ஓரம் மங்கிய ஒரு வட்டம் வைத்தேன்,
வைகாசியில் மெல்லத் தொடங்கி ஆடியில் கரைகிற மாதிரி.
கணினிக்குப் பிடிக்கவில்லை.
வரிசைப்படுத்தச் சொன்னால்
பாலைப்பழத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடும்.
இப்பவும் முழுக்கத் திருந்தவில்லை.

எனக்குப் பிடித்த இணைப்பு ஒன்று உண்டு:
ஆயிரத்து எண்ணூற்று முப்பத்தொன்று, லண்டன்,
கம்பிச் சுருளுக்குள் காந்தம் போய் வருகிறது,
ஊசி துடிக்கிறது.
அதைத் தொட்டால் நீளும் முழுக்கோடு
பற்றறி தடைசெய்யப்பட்ட ஒரு வருடத்தில்
விசுவமடுவில் தலைகீழாய் நிறுத்திய சைக்கிளில் முடியும்.
ஒருவர் பெடலைக் கையால் சுற்ற
டைனமோ உரச
ஏழு பேர் வானொலிச் செய்தி கேட்கிறார்கள்.
சுற்றுகிறவர் களைத்தால் செய்தியும் களைக்கும்.
அந்த இடத்தில் ஒரு சக்கரம் வரைந்தோம்,
விரலால் சுற்றினால்தான் ஒலி வரும்.

சோதனைக்குத் தரம் ஒன்பது வந்தது, பதினெட்டுப் பேர்.
சக்கரத்துக்குச் சண்டை.
யதுர்சன் என்றொருவன் அதை மறுபக்கமாகச் சுற்றி
செய்தி வாசிப்பவரைப் பின்னோக்கிப் பேசவைத்தான்,
சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது.
ஒருத்தி நுளம்பையும் சைக்கிளையும் இணைத்தாள்.
மலேரியாக் குளிசையைச் சைக்கிளில்தானே
கொண்டுபோயிருப்பினம் என்றாள்.
முழுக்கோடா, புள்ளிக்கோடா?
"முழு," யோசிக்காமல்.

அவர்கள் போன பின் மின்சாரம் நின்றது.
கைபேசி வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடிக்க
கறுத்த கண்ணாடியில் விரல் எண்ணெய் தெரிந்தது:
சக்கரத்தின் மேல் வட்டம் வட்டமாய்,
குளத்தைச் சுற்றி, வாய்க்கால் வழியே,
பாலைப்பழத்தின் மேல்கூட.
குமிழ் ஓடும் பாதையில்
இரண்டாயிரத்தொன்பது வருகிற இடம் மட்டும் சுத்தம்.
விரலைத் தூக்கி அப்பால் வைத்திருக்கிறார்கள்.

சுத்தம் என்று எழுதியது பிழை.
ஒரு பெருவிரல் இருந்தது.
இழுபட்ட தடம் இல்லை, ரேகை எண்ணலாம்.
மின்சாரம் வந்ததும் பதிவைத் திறந்தோம்:
நாற்பத்தொரு வினாடி, ஒரே இடம்.
அவ்வளவு நேரம் அழுத்தினால்
என்ன செய்யவேண்டும் என்று
நாங்கள் எதுவும் எழுதிவைக்கவில்லை.
திரை அதை 'உள்ளீட்டுப் பிழை' என்று பதிந்திருந்தது.

பெனடிற்றா கண்ணாடி துடைக்கிற துணியை எடுத்தாள்.
மற்றப் பக்கமெல்லாம் துடைத்தாள்.