பெல்ட்டின் கடைசிச் சாண்

ருஸ்தாவி கார்ச் சந்தையில்
பதினோராவது கொட்டகை என்னுடையது.
என்னுடையது என்றால், தெமூருடையது.
வாளியும் பிரஷ்ஷும் முதுகுவலியும்தான் எனக்கு.

கார்கள் கடல் தாண்டி வருகின்றன,
முட்டிக்கொண்டவை, ஏலத்தில் போனவை,
தவணை கட்டாததால் பிடுங்கப்பட்டவை.
வெளியே தட்டி நிமிர்த்த வேறு ஆட்கள்.
உள்ளே நான்.

வாக்குவம் விழுங்கும் சத்தத்தை வைத்தே சொல்வேன்:
இது மணல்,
இது உருளை வறுவல்,
இது நாய்முடி,
இது காசு, நிறுத்து நிறுத்து.
ஒருமுறை சீட்டுக்கு அடியில்
காகிதத்தில் பொதிந்த ஒரு பால்பல்.
எறிய மனம் வரவில்லை.
இன்னும் ஊசி டப்பாவில் கிடக்கிறது.

ஸ்டியரிங் பளபளத்தால் புதுசு என்று நினைக்கிறார்கள்.
பளபளப்பதுதான் அழுக்கு.
யாரோ ஒருவருடைய பத்து வருடத்துக் கையெண்ணெய்.
ஈரத்துணி, கொஞ்சம் சோப்பு, அழுத்தாமல்.
தோல் மங்கினால் சுத்தம்.
இதை வாங்க வருகிறவர்களிடம் சொல்லாதே என்பார் தெமூர்.

அந்தப் புறாநிறக் கார் திங்களன்று வந்தது.
கதவைத் திறந்ததும் எலுமிச்சை வாசம்,
தேவைக்கு மேல்.
இவ்வளவு எலுமிச்சை என்றால்
கீழே எதையோ புதைத்திருக்கிறார்கள்.
கம்பளத்தைத் தூக்கினேன்.
அடியில் இருந்த பஞ்சு இன்னும் ஈரம்.
விரல்களுக்கு நடுவே மாவைவிட நைசாக வண்டல்,
எந்த ஊர் ஆறோ.

"வியாழக்கிழமை ஆள் வருது லமாரா,
வாசம் போயிடணும்."

நான்கு சீட்டையும் கழற்றினேன்.
பஞ்சைச் சுரண்டி எடுத்தேன்.
வினிகர், சோடா மாவு, மறுபடி வினிகர்.
வீட்டிலிருந்த மின்விசிறியைக் கொண்டுவந்து
இரண்டு இரவு உள்ளே ஓடவிட்டேன்.
ஏசித் துவாரங்களைப் பல்துலக்கும் பிரஷ்ஷால்,
ஒவ்வொரு பட்டையாக.
வாசம் போயிற்று.
என் வேலையில் நான் கெட்டிக்காரி,
அதுதான் சிக்கல்.

கடைசியில் பெல்ட்.
முடிவு வரை இழுத்து
கிளிப் போட்டு நிறுத்தித் தேய்க்க வேண்டும்.
இழுத்தேன்.
சுருளுக்குள் ஒளிந்திருந்த கடைசிச் சாணில்
டிகாஷன் நிறத்தில் ஒரு கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல.
தண்ணீர் எதுவரை நின்றதென்று
அது மட்டும் மறக்காமல் வைத்திருந்தது.

கையில் நுரை.
போன குளிர்காலத்தில் என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப்
பணம் கொடுத்தவர் தெமூர்.
திருப்பிக் கேட்கவே இல்லை.
நுரை மணிக்கட்டு வழியாக வழிந்து
முழங்கைக்குப் போனது.
கிளிப்பை எடுத்தேன்.
சொல்ல வந்ததை விழுங்கிய நாக்கு மாதிரி
பெல்ட் உள்ளே போய்விட்டது.

வியாழனன்று எத்தேரி வந்தாள்.
மார்னெவுலியில் ரொட்டி சுடுகிறவள்,
புருவத்தில் கூட மாவு.
உள்ளே தலையை விட்டு மூச்சை இழுத்தாள்.
"புதுசு மாதிரி இருக்கே!"
எனக்கு இதைவிடப் பெரிய பாராட்டு
யாரும் சொன்னதில்லை.
வெட்கமாக இருந்தது.

உட்கார்ந்தாள்.
பெல்ட்டை இழுத்தாள், தன் வயிற்றுக்கு வேண்டிய அளவு.
கிளிக்.
கோடு இன்னும் ஒரு சாண் உள்ளே.

ஏற்கெனவே காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
"இன்னும் இழுங்க" என்றேன்,
"கடைசி வரைக்கும்.
சுருள் சரியா ஓடுதான்னு பார்க்கணும்."
தெமூர் என்னைப் பார்த்தார்.
நான் கண்ணாடியைப் பார்த்தேன்,
அதிலும் அவர்தான் இருந்தார்.

இழுத்தாள்.
மழையே இல்லாத அந்த மத்தியானத்தில்
ஏதோ ஓர் ஊரின் வெள்ளம்
அவள் மடியில் வந்து கிடந்தது.

எத்தேரி கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்தாள்.
முகர்ந்தாள்.
பிறகு தெமூர் பக்கம் திரும்பி,
"எவ்வளவு குறைப்பே?" என்றாள்.

நான் வாளித் தண்ணீரைக் கொட்டப் போனேன்.