அறுபது டிகிரி

என் சலவைக்கடைச் சுவரில்
சிவப்பு எழுத்தில் ஒரே ஒரு விதி:
கம்பளி வாங்குவதில்லை.

வாங்கிக் கெட்டவன் நான்.
மூன்று குளிர்காலத்துக்கு முன்பு
பல் மருத்துவர் ஒருவரின் ஸ்வெட்டர்
பொம்மைக்குப் போடும் அளவில் வெளியே வந்தது.
ஆறு தவணையில் பணம் கட்டினேன்.
பல் வலித்தாலும்
அந்த வீதிப்பக்கம் போவதில்லை.

ஜூலை இரவு. மொந்தேவிதேயோவில்
கடல்போல் விரிந்த ஆற்றின் காற்று
ஷட்டரை உலுக்கிக்கொண்டிருந்தது.
ஹிமேனா ஒலாசாபல் வந்தாள்,
பாயை இறக்கிச் சுருட்டிய படகோட்டி போல
தோளில் ஒரு பொதி.
விரித்த பிறகுதான் கோட்டு என்று தெரிந்தது.
கைகள் இரண்டும் மேசையைத் தாண்டித்
தரையில் கிடந்தன.
யாருக்கு இது, கலங்கரை விளக்கத்துக்கா?

"சனிக்கிழமை மேடையில நடக்கிற பொண்ணுக்கு.
ஐம்பத்திரண்டு கிலோ."
சுவரைக் காட்டினேன். படித்தாள்.
"அதனாலதான் இங்க வந்தேன்."

கத்தரி படவில்லை, தையல் இல்லை,
ஒரே குழாயாகப் பின்னியது.
முழங்கை மடியும் இடத்தில் மட்டும்
பருத்தி நூலில் சின்னச் சின்ன வட்டங்கள்.
"கம்பளிக்கு ரோஷம் வரும், பருத்திக்கு வராது.
அந்தச் சண்டையிலதான்
எனக்கு வடிவம் கிடைக்கணும்."

அறுபது டிகிரி. எட்டு டென்னிஸ் பந்துகள்,
உள்ளே கிடந்து அடிக்க.
ஆறாம் எண் எந்திரம்.
அதே எந்திரம்தான்; அவளிடம் சொல்லவில்லை.

வட்டக் கண்ணாடி முன் இரண்டு நாற்காலி.
என் மாத்தேக் குடுவையை நீட்டினேன்,
முகம் திருப்பாமல் உறிஞ்சினாள்.
பத்து நிமிடம் எதுவுமே இல்லை.
பிறகு திடீரென்று
டிரம்முக்குள் இடம் கூடியது.
என் வயிற்றைப் பழைய மாதிரி பிசைந்தது.
"நிறுத்தாதீங்க. இன்னும் நாலு நிமிஷம்."

ஆவி. நனைந்த ஆட்டின் வாடை.
தோள் தோளாகவே நின்றது,
இடுப்பு உள்வாங்கியிருந்தது.
முழங்கையில், சுருங்க மாட்டேன் என்ற பருத்தி
கொப்பளித்து எழுந்திருந்தது,
சிப்பி ஒட்டிய பாறை.
இடது கை மட்டும்
இரண்டு விரற்கடை குட்டை.

போச்சு, என்றேன்.

அவள் தன் கையை நுழைத்துப் பார்த்தாள்.
மணிக்கட்டு வெளியே தெரிந்தது.
நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
"கடிகாரம் கட்டுற கை," என்றாள். "இருக்கட்டும்."

விதி இன்னும் சுவரில் அப்படியே இருக்கிறது.
அதன் கீழே பென்சிலில்
ஒரு வரி சேர்த்திருக்கிறேன்:
கெடுத்துத் தர வேண்டுமென்றால்
முன்கூட்டியே சொல்லவும்.