ரிப்பன்

குரங்கணியில் நாலரை மணி இருட்டு.
நூற்றுப் பன்னிரண்டு நெற்றி விளக்குகள்
ஒன்றன்பின் ஒன்றாய் மலையேறின.
நூற்றுப் பன்னிரண்டாவது என்னுடையது.

எழுபத்தைந்து கிலோமீட்டர்.
டாப் ஸ்டேஷன், எல்லப்பட்டி, சூரியநெல்லி,
கொழுக்குமலை ஏறி மறுபடி குரங்கணி.
தள்ளுபடியில் வாங்கிய ஷூ,
உப்பு மாத்திரை, புளிச்சோறு நாலு உருண்டை,
நெஞ்சில் ஊக்கு குத்திய எண்: 87.

போடியில் கரண்டுக் கணக்கு எடுப்பவள் நான்.
ஒரு நாளைக்கு முந்நூறு வீடு, நாய்கள் தனி.
ஊர் முழுக்க மீட்டர் பார்த்தவளுக்கு
தன் உடம்பில் எத்தனை யூனிட் மிச்சம் என்று
வாசிக்கத் தெரியவில்லை.

மலை முதுகில் செல்போனுக்கு ஒரே குழப்பம்.
ஒரு வளைவில் கேரளம் வரவேற்றது.
அடுத்த வளைவில் தமிழ்நாடு வரவேற்றது.
பதினொரு முறை வரவேற்றார்கள்,
இரண்டு பக்கமும் மூடுபனி.
எல்லைக்கல்மேல் உட்கார்ந்து
ஷூவுக்குள் கிடந்த கல்லைக் கொட்டினேன்,
எந்த மாநிலத்துக் கல்லோ.

எல்லப்பட்டியில்
கொழுந்து கிள்ளும் கை நிற்காமல் ஒருத்தி கேட்டாள்,
"யாரும்மா தொரத்துறா?"
யாருமில்லக்கா, பந்தயம்.
"காசு தருவாகளா?"
நாமதான் கட்டணும். மூவாயிரத்தி ஐநூறு.
அப்போதுதான் அந்தக் கை நின்றது.
சிரிப்பு செடிக்குச் செடி தாவி
நான் ஏற்றம் முடிக்கும்வரை கேட்டது.

நாற்பதாவது கிலோமீட்டரில், ஏலத்தோட்டத்து ஈரத்தில்,
முதுகுக்குப் பின்னால் கத்தரிச் சத்தம்.
எல்தோஸ்.
கடைசி ஆளுக்குப் பின்னால் வருவதுதான் அவன் வேலை.
வழி காட்ட மரத்துக்கு மரம் கட்டிய
ஆரஞ்சு ரிப்பனை
நான் தாண்டியதும் வெட்டிப் பையில் போடுவான்.
திரும்பிப் பார்த்தேன்.
நான் வந்த வழி காடாகிவிட்டிருந்தது.

"பதுக்கெ மதி, சேச்சி" என்றான்.
பதுக்கெதான் எனக்கு வருவதே.
கெண்டைக்காலில் அட்டை,
வாயில் காலையில் தின்ற ஆரஞ்சின் புளிப்பு,
இறக்கத்தில் பெருவிரல் நகம்
ஷூ முனையைத் தட்டித் தட்டி
வாடகை பாக்கி கேட்டது.
நடந்தேன். ஓடினேன். ஓடுவதாக நினைத்து நடந்தேன்.
க்ரிச். க்ரிச்.

சூரியநெல்லியில் நாலு மணிக்குக் கெடு.
நாலு நாலுக்குப் போய்ச் சேர்ந்தேன்.
நோட்டு வைத்திருந்த பெண்ணுக்கு
என் மகள் வயது. முகத்தைப் பார்க்காமல்,
"ஸாரி ஆன்ட்டி" என்றாள்.

ஒருநாள் பொறுங்கம்மா, சம்பளம் வந்துரும்,
பிள்ளைக்குப் பரீட்சை,
எத்தனை வாசலில் கேட்டிருக்கிறேன்.
நானும் முகத்தைப் பார்த்ததில்லை.
ஃபியூஸைப் பிடுங்குவதுபோல்
ஊக்குகளை நானே கழற்றிக் கொடுத்தேன்.
நாலாவது ஊக்கு மட்டும் பனியனோடு வந்தது.

ஏற்றிப்போக ஜீப் நின்றது.
உள்ளே என்னைப்போல் மூன்று பேர்,
ஒருவன் வாளிக்குள் தலை கவிழ்ந்தபடி.
எல்தோஸ் கட்டன் சாயாவை ஊதிக் குடித்தான்.
அவனுக்கு இன்னும் பதினெட்டு கிலோமீட்டர் ரிப்பன்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.

"இன்னொரு கத்தரி இருக்கா?" என்றேன்.

கொழுக்குமலை ஏறும்போது வெயில் சாய்ந்தது.
அவன் இடப்பக்கம், நான் வலப்பக்கம்.
பேச்சு அதிகமில்லை.
ராஜாக்காட்டில் டயர் கடை வைத்திருக்கிறானாம்,
மழைக்காலத்தில் வியாபாரம் இல்லையாம்.
இப்போது யாருக்கும் பின்னால் இல்லை நான்,
முன்னாலும் இல்லை.
நகம் மட்டும் அப்படியே வலித்தது.

கடைசி இறக்கத்துக்கு முன்
எவனோ நெட்டையன்
எட்டாத கொப்பில் ஒன்றைக் கட்டியிருந்தான்.
எல்தோஸ் எம்பினான். நான் எம்பினேன்.
இத்தனை மலை தாண்டிய நாலு கால்களாலும்
ஓரடி குதிக்க முடியவில்லை.

இருட்டில் இரண்டு விளக்குகளையும் அதன்மேல் அடித்து
கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.
காற்றில் அது கேரளப் பக்கம் காட்டியது,
பிறகு எங்கள் பக்கம்.
விட்டுவிட்டு இறங்கினோம்.